செசப்பீக் குடாவின் வெளிச்சவீடுகள்

கலங்கரை விளக்கம் என்றதும் பலருடைய மனக்கண்ணில் தோன்றுவது, அலைமோதும் கற்பாறையின்மீது நிமிர்ந்து நிற்கும் வெண்ணிறக் கோபுரமே. அத்தகைய கோபுரத்திற்குப் பாறையே பலம். ஆனால், பாறை என்பதே இல்லாத கடற்பரப்புகளும் உண்டு. நீருக்கடியிற் சேறும் மணலுமே கிடக்க, கல்லை வைத்தால் கல்லே அமிழ்ந்துபோகும் இடத்தில் விளக்கேற்றுவது எவ்வாறு? இவ்வினாவுக்கு மனிதர் கண்ட விடைகளை ஒருங்கே காணத்தக்க இடம் ஒன்று உண்டு. அதுவே அமெரிக்க ஐக்கிய நாடுகளின் கிழக்குக் கரையிலுள்ள செசப்பீக் குடா.

வடக்கே சஸ்குவெகன்னா நதி வந்து விழும் இடத்திலிருந்து, தெற்கே அத்திலாந்திக் சமுத்திரத்தோடு கலக்கும் வாய்வரை இக்குடா ஏறக்குறைய 200 மைல் நீளமுடையது. மேரிலாந்து, வேர்ஜினியா என்னும் இரு மாநிலங்கள் இதனைச் சூழ்ந்துள்ளன. இத்துணை நீண்ட நீர்ப்பரப்பின் சராசரி ஆழமோ சுமார் 21 அடியே. பால்ட்டிமோர்த் துறைமுகத்தை நாடிவரும் பெருங்கப்பல், ஒடுங்கிய ஆழ்கால்வாயை விட்டுச் சிறிது விலகினாலும் தரைதட்டும். இதனாலேயே இக்குடாவில் வெளிச்சவீடுகள் பல தோன்றின. அவற்றுள் எஞ்சியவற்றையும், அவற்றின் கதையைக் கூறும் கடல்சார் நூதனசாலைகளையும் காணச் செல்பவர், குடாவின் வாயிலிருந்து தொடங்குவதே முறை.

வாயின் தென்புறத்திலுள்ளது ஹென்றி முனை. புதிதாக அமைந்த அமெரிக்க அரசாங்கம் 1789 ஆம் ஆண்டில் நிறைவேற்றிய முதலாவது பொதுவேலைத் திட்டம், இங்கே ஒரு வெளிச்சவீட்டைக் கட்டுவதே. ஜோன் மக்கோம் என்னும் சிற்பி மணற்கல்லால் எழுப்பிய 90 அடி உயரமுள்ள எண்கோணக் கோபுரம் 1792 இல் ஒளி தரத் தொடங்கிற்று. எண்பது ஆண்டுகளின்பின், 1872 இல், சுவர்களில் வெடிப்புகள் காணப்பட்டன. பெரும்புயல் ஒன்று வந்தாற் கோபுரம் வீழ்ந்துவிடுமோ என்று அஞ்சிய அதிகாரிகள், அருகிலே இரும்பாலான புதிய கோபுரம் ஒன்றைக் கட்டி 1881 இல் விளக்கை அதற்கு மாற்றினர். ஆயினும் பழைய கோபுரம் வீழவில்லை. இரு கோபுரங்களும் இன்றும் அடுத்தடுத்து நிற்கின்றன. பழையதன் படிகளிற் பிரயாணிகள் ஏறலாம். இராணுவ முகாம் ஒன்றின் எல்லைக்குள் அஃது அமைந்திருப்பதால், செல்வோர் தம்மை அடையாளங்காட்டும் பத்திரங்களை உடன் கொண்டுசெல்லுதல் வேண்டும்.

குடாவின் மறுமுனையாகிய வட எல்லையில் ஹாவர் டி கிறேஸ் என்னும் சிறு பட்டினம் உள்ளது. அங்கே நதி குடாவோடு கலக்குமிடத்தில் கொன்கோர்ட் முனை வெளிச்சவீடு 1827 இல் கருங்கல்லாற் கட்டப்பட்டது. அதன் முதற் காவலர் ஜோன் ஓனீல் என்பவர். 1813 மே மாதத்தில் ஆங்கிலேயக் கடற்படை அப்பட்டினத்தைத் தாக்கியபோது, ஏனையோர் பின்வாங்கவும் தனித்துநின்று பீரங்கியை இயக்கிச் சிறைப்பட்டவர் அவர். அதற்குக் கைம்மாறாகவே அப்பதவி வழங்கப்பட்டது. அவருக்குப்பின் அவருடைய சந்ததியாரும் அதனை வகித்தனர். பட்டினத்திலுள்ள கடல்சார் நூதனசாலையையும் இதனோடு சேர்த்துப் பார்க்கலாம்.

அங்கிருந்து சிறிது தூரத்திற் செங்குத்தான கரையொன்றின் உச்சியில் நிற்பது டேர்க்கி முனை வெளிச்சவீடு. 1833 இல் எழுந்த இக்கோபுரத்தைக் காத்துவந்தவர் 1925 இற் காலமாகவே, அவர் மனைவி பனி சால்ற்றர் அப்பதவியைக் கோரினார். வயது கடந்துவிட்டது என்று முதலில் மறுக்கப்பட்டபோதிலும், ஜனாதிபதி கூலிட்ஜின் அனுமதியால் அஃது அவருக்குக் கிடைத்தது. 1947 வரை அப்பெண்மணியே அவ்விளக்கைக் காத்தார். மின்சாரம் வரும்வரை, எண்ணெய் விளக்கைப் பேணுவதற்காக ஓரிரவிற் பலமுறை அவர் கோபுரமேற வேண்டியிருந்தது.

இவையெல்லாம் திடமான கரையில் நின்றவை. கப்பல்களுக்கு ஆபத்து விளைத்த மேடுகளோ குடாவின் நடுவே நீருள் மறைந்து கிடந்தன. அவ்விடங்களில் முதலில் விளக்குக் கப்பல்களே நங்கூரமிடப்பட்டன. அமெரிக்காவின் முதலாவது விளக்குக் கப்பல் இக்குடாவிலேதான் 1820 இல் நிறுத்தப்பட்டது. ஆனால் புயலில் நங்கூரம் அறுந்தாற் கப்பலும் விளக்கும் சேர்ந்தே அடித்துச்செல்லப்படும். எச்சரிக்கை மிகவும் வேண்டப்படும் வேளையில் விளக்கு தன் இடத்தில் இராது. சேற்றில் அசையாது நிற்கக்கூடிய ஒரு கட்டடம் தேவைப்பட்டது.

அதற்கு வழிகாட்டியவர் கண்பார்வை இழந்த ஒருவர். அயர்லாந்தைச் சேர்ந்த அலெக்சாந்தர் மிச்சல் தம் இளமையிலேயே பார்வையை இழந்தவர். மரத்திற் புரியாணி புகுந்து இறுகுவதுபோல, இரும்புத் தூணின் அடியில் அகன்ற புரித்தகடொன்றைப் பொருத்திச் சுழற்றினால், அது சேற்றைத் துளைத்து உள்ளே சென்று இறுக நிற்கும் என்று அவர் கண்டார். 1833 இல் அதற்கு உரிமைப் பத்திரமும் பெற்றார். தகடு அகன்றிருப்பதாற் பாரம் பரவுகின்றது. தூண் கீழே அமிழ்வதுமில்லை, மேலே பிடுங்கப்படுவதுமில்லை. அவருடைய முறை தேம்ஸ் நதிமுகத்திற் கையாளப்பட்டு, பின்னர் அத்திலாந்திக்கைக் கடந்தது. 1850 களிற் செசப்பீக் குடாவில் இத்தகைய புரித்தூண் வெளிச்சவீடுகள் தோன்றலாயின.

இவற்றின் தோற்றம் விசித்திரமானது. நீரின்மேல் இரும்புக் கால்கள்; கால்களின்மேல் பெரும்பாலும் அறுகோண வடிவான மரவீடு; வீட்டைச் சுற்றித் தாழ்வாரம்; கூரையின் உச்சியிற் கண்ணாடி வில்லையோடு கூடிய விளக்கறை. சமையல், படுக்கை, கணக்கெழுதுதல் ஆகிய யாவும் அந்தச் சிறு வீட்டினுள்ளேயே. மூடுபனி கவியும்போது மணியொலிக்கும் பொறியைக் காவலர் இடையிடையே முறுக்கிவைத்தல் வேண்டும். கரைக்குச் செல்வதாயின் வள்ளமே துணை.

அலைக்கும் காற்றுக்கும் ஈடுகொடுத்த அவ்வீடுகளுக்குப் பகையாக வந்தது பனிக்கட்டி. கடுங்குளிர்காலங்களிற் குடா உறைந்துவிடும். பின்னர் பாளம்பாளமாக உடைந்த பனி, வற்றுப்பெருக்கின் வேகத்தோடு வந்து இரும்புக் கால்களை மோதும். 1877 ஜனவரியில் ஹூப்பர் நீரிணை வெளிச்சவீடு இவ்வாறே பெயர்க்கப்பட்டது. காவலரும் உதவியாளரும் வள்ளமொன்றை இழுத்துக்கொண்டு பனிமீது இறங்கி, உணவின்றி, உறைபனியால் உடலுறுப்புகள் மரத்துப்போக, ஒருநாட் பொழுது வரை தவித்தபின்னரே மீட்கப்பட்டனர். 1881 பெப்ரவரியில் ஷார்ப்ஸ் தீவருகே நின்ற வெளிச்சவீடு காவலர் இருவர் உள்ளிருக்கக் கால்களினின்றும் முறிந்து, ஏறக்குறைய ஐந்து மைல் தூரம் மிதந்துசென்று தரைதட்டிற்று. உயிர்தப்பிய அவ்விருவரும், விளக்கின் வில்லை, எண்ணெய், நூல்கள் ஆகியவற்றையும் பத்திரமாகக் கரைசேர்த்தனர்.

அதன்பின் பனி மிகுந்த இடங்களிற் பாரிய இரும்பு உருளைகளை அடித்தளத்தில் இறக்கி, கொங்கிறீற்றால் நிரப்பி, அவற்றின்மேல் விளக்கை வைக்கும் முறை கையாளப்பட்டது. 1882 இல் ஷார்ப்ஸ் தீவில் அவ்வாறு எழுந்த கோபுரத்தையும் 1977 ஆம் ஆண்டின் பனி ஒருபுறமாகச் சாய்த்துவிட்டது. பண்ணைகளும் விடுதியும் இருந்த அத்தீவோ, கரை அரிக்கப்பட்டு முற்றாக நீருள் மறைந்துபோயிற்று.

பனிக்குத் தப்பிய வெளிச்சவீடுகளை முன்னேற்றம் வேறொரு வகையில் வென்றது. தானாக எரியும் விளக்கு வந்ததும் காவலருக்கு வேலை இல்லாது போயிற்று. ஆளற்ற மரவீடு விரைவிற் பழுதுறும். அதனைப் பேணப் பணம் வேண்டும். ஆதலின், 1939 இல் வெளிச்சவீடுகளைப் பொறுப்பேற்ற கரையோரக் காவற்படை, வீடுகள் பலவற்றை இடித்தகற்றி, எஞ்சிய இரும்புக் கால்களின்மீது சிறு விளக்குகளைப் பொருத்தியது. சிக்கனத்தை நோக்குமிடத்து அதனைத் தவறென்று கூறுவதற்கில்லை. எனினும், அன்று நின்ற புரித்தூண் வீடுகளுள் இக்குடாவில் இன்று எஞ்சியவை நான்கே. அவற்றுள் மூன்று நீரைவிட்டுக் கரையேறிவிட்டன.

முதலிற் கரையேறியது, 1877 இல் அழிந்ததற்குப் பதிலாக 1879 இற் கட்டப்பட்ட ஹூப்பர் நீரிணை வீடு. 1965 இற் செயின்ற் மைக்கேல்ஸ் என்னும் ஊரிற் செசப்பீக் குடாக் கடல்சார் நூதனசாலை தொடங்கப்பெற்றது. மறு ஆண்டே, அவ்வீட்டை இடிக்க ஒப்பந்தம் பெற்றிருந்தவருக்கு 1,000 டொலர் கொடுத்து நூதனசாலையார் அதனை வாங்கினர். கூரையின் இறவாரத்திற்குக் கீழே வீட்டைக் குறுக்காக இரு துண்டாக அறுத்து, தெப்பக்கப்பலில் ஏற்றிவந்து, புதிய கால்களின்மேற் பொருத்தினர். இன்று அதன் அறைகளினூடாக விளக்கறை வரை ஏறலாம். அதே வளவிற் சிப்பி வாரும் பாய்க்கப்பல்களும், அவற்றைப் பழுதுபார்க்கும் பட்டறையும் உள்ளன. 1880 களில் மேரிலாந்தில் மட்டும் ஒரு பருவத்தில் ஏறக்குறைய 150 இலட்சம் புசல் சிப்பி வாரப்பட்டது. அப்படகுகளையும் வெளிச்சவீட்டையும் ஒருங்கே பார்ப்பவருக்கு, விளக்கு யாருக்காக எரிந்தது என்பது விளங்கும்.

இரண்டாவது, மேற்குக் கரையிற் சொலமன்ஸ் என்னுமிடத்துக் கல்வேர்ட் நூதனசாலையிலுள்ள டிரம் முனை வெளிச்சவீடு. 1883 இல் நீரில் எழுந்த இவ்வீட்டைச் சுற்றி நாளடைவில் மணல் படிந்து, கரையே அதனை நெருங்கி வந்தது. 1962 இற் கைவிடப்பட்ட இது 1975 இல் நூதனசாலைக்குக் கொண்டுவரப்பட்டது. கரைக்கு அண்மையில் இருந்தமையாற் காவலரின் குடும்பத்தினரும் இதில் வாழ்ந்தனர். 1906 இல் இவ்வீட்டிலேயே பிறந்த ஒரு பெண்மணி முதுமையிற் கூறிய நினைவுகளைத் துணைக்கொண்டே அறைகள் பழையபடி ஒழுங்குசெய்யப்பட்டன.

மூன்றாவது, 1855 இல் உருவான ஏழடி மேட்டு வெளிச்சவீடு. மரத்தாலன்றி இரும்பால் உருளை வடிவிற் செய்யப்பட்டுச் செந்நிறம் பூசப்பட்ட இது, 1988 முதற் பால்ட்டிமோர்த் துறைமுகத்தின் ஐந்தாம் இறங்குதுறையில் நிற்கின்றது. 1933 ஆகஸ்ற் புயலின்போது இதன் காவலர் தோமஸ் ஸ்ரைன்ஹைஸ், சிறு படகொன்றிற் கொந்தளிக்கும் நீருட் சென்று, மூழ்கிய இழுவைக்கப்பலின் மாலுமிகள் ஐவரைக் காப்பாற்றி அரசாங்கத்தின் வெள்ளிப் பதக்கத்தைப் பெற்றார். அதே துறைமுகத்தில், 1930 இற் கட்டப்பட்ட ‘செசப்பீக்’ என்னும் விளக்குக் கப்பலையும் பார்க்கலாம்.

நான்காவதாகிய தோமஸ் முனை மேட்டு வெளிச்சவீடு மட்டும் 1875 இல் எழுந்த இடத்திலேயே இன்றும் நிற்கின்றது. இதனையும் அகற்றிவிடக் கரையோரக் காவற்படை எண்ணியபோது பொதுமக்கள் எதிர்த்துக் குரலெழுப்பினர். 1975 இல் அது தேசிய வரலாற்றுச் சின்னங்களின் பதிவேட்டிற் சேர்க்கப்பட்டது. 1986 வரை அதில் ஆட்கள் காவலிருந்தனர். 2004 இல் அன்னாபொலிஸ் நகரசபையிடம் அது கையளிக்கப்பட்டது. கோடைகாலத்திற் சில நாட்களில், பழைய சிப்பிச்சாலையொன்றில் இயங்கும் அன்னாபொலிஸ் கடல்சார் நூதனசாலையிலிருந்து படகிற் சென்று இதனைக் காணலாம். கடல் கொந்தளித்தாற் பிரயாணம் நடைபெறாது. அக்காலத்துக் காவலருக்கும் அதுவே விதி.

கரையேறிய மூன்று வீடுகளில் அடுப்பும் கட்டிலும் மணிப்பொறியும் உண்டு. காவலர் எவ்வாறு வாழ்ந்தார் என்பதை அவை அமைதியாகக் கற்பிக்கின்றன. ஆனால் அவற்றின் கால்களை இன்று அலை மோதுவதில்லை. தோமஸ் முனைக்குப் படகிற் சென்று, ஆடும் படகிலிருந்து இரும்பு ஏணியைப் பற்றுபவருக்கே, அந்த வாழ்க்கையின் தனிமையும் ஆபத்தும் புலனாகும். ஆகவே இரண்டையும் பார்த்தவரே செசப்பீக்கின் வெளிச்சவீட்டை முழுமையாகப் பார்த்தவராவார்.

இந்நான்கும் தாமாகவே எஞ்சியவையல்ல. இடிக்கும் நாள் குறிக்கப்பட்டபின்னரும் ஒரு சிற்றூரின் மக்கள் 1,000 டொலரோடு முன்வந்தனர். மற்றொரு பட்டினத்தார் குரலெழுப்பினர். அவர்கள் சில மாதங்கள் தாமதித்திருப்பின், கண்ணிழந்த மிச்சல் கண்ட முறையையும் காவலர்களின் கடமையையும் ஏடுகளில் மட்டுமே அறிந்திருக்க வேண்டும். பயன் முடிந்த பொருளைப் பேணுவதா, அகற்றுவதா என்னும் கேள்வி ஒவ்வொரு துறைமுகத்திலும் ஒருநாள் எழும். அதற்கு விடை கூறவேண்டிய வேளை, அப்பொருள் இன்னும் நிற்கும் வேளையே.