சி டிரைவ் போகட்டும், ஃபைல் இருக்கட்டும்

இன்னைக்கு என்னோட ஒரு தப்புல இருந்து ஆரம்பிக்கிறேன்.

பென்னாகரத்துல இருக்கற என் சித்தி பொண்ணுக்கு, 2011-ல தொடங்கின தமிழ்நாடு அரசோட இலவச லேப்டாப் திட்டத்துல ஒரு லேப்டாப் கிடைச்சுது. அந்தத் திட்டத்துல வந்த பல லேப்டாப்ல விண்டோஸும், சி-டாக் உருவாக்கின பாஸ் லினக்ஸும் சேர்ந்தே இருந்துச்சு. ஒரே டிஸ்க், உள்ளே தனித்தனி பார்ட்டிஷன்.

காலேஜ் கடைசி வருஷத்துல அது பூட் ஆகல. இன்ஜினியர் அண்ணன் நான் இருக்கேனே! உபுண்டு இன்ஸ்டாலர்ல, டிஸ்க் முழுசையும் அழிக்கிற ஆப்ஷனைக் கிளிக் பண்ணிட்டேன். சிஸ்டம் சூப்பரா வந்துச்சு. "அண்ணா, டி டிரைவ் எங்க?"ன்னு கேட்டா. அவளோட புராஜெக்ட் அதுலதான் இருந்திருக்கு.

சமையலறைக்கு வெள்ளை அடிக்க, படுக்கையறை பீரோவைக் காலி பண்ணுவோமா? பார்ட்டிஷனும் அப்படித்தான். சிஸ்டம் ஒரு அறை, உங்க ஃபைல் இன்னொரு அறை.

512 ஜிபி டிஸ்க்னா, விண்டோஸ்ல சி-க்கு 150 ஜிபி, மீதி டி-க்கு. டாக்குமென்ட்ஸ் ஃபோல்டரோட பிராப்பர்ட்டீஸ்ல லொகேஷன் டேப் இருக்கும். அதுல போய் டி-க்கு மாத்திடுங்க. லினக்ஸ்ல ரூட்டுக்கு 50 ஜிபி போதும், ஹோமைத் தனியா வைங்க. திரும்ப இன்ஸ்டால் பண்றப்ப ‘சம்திங் எல்ஸ்’ மாதிரி மேனுவல் ஆப்ஷன் எடுத்து, ரூட்டை மட்டும் ஃபார்மேட் பண்ணுங்க. ஹோமுக்கு ஃபார்மேட் டிக் போடவே கூடாது.

அடுத்து, தேவையான சாஃப்ட்வேர் எல்லாம் போட்ட உடனே, குளோன்சில்லா பென்டிரைவ்ல பூட் பண்ணி, சிஸ்டம் பார்ட்டிஷனை வெளி ஹார்ட் டிஸ்க்ல இமேஜா எடுத்து வைங்க. சாதாரண பார்ட்டிஷன்ல, பயன்படுத்தின இடத்தை மட்டும்தான் அது காப்பி எடுக்கும். சிஸ்டம் கெட்டா அந்த ஒரு பார்ட்டிஷனை மட்டும் ரீஸ்டோர் பண்ணுங்க. டி-யைத் தொட வேண்டியதே இல்ல.

ஆனா ஒண்ணு: பார்ட்டிஷன் பேக்கப் கிடையாது. டிஸ்க்கே செத்தா சி, டி ரெண்டும் சேர்ந்தே போகும். என்னை மாதிரி ஒருத்தன் தப்பா கிளிக் பண்ணாலும் அதே கதிதான். அதனால டி-யில இருக்கறதுக்கு வெளியில ஒரு காப்பி கட்டாயம் வேணும்.

தங்கச்சி மூணு வாரம் ராத்திரி பகலா உட்கார்ந்து புராஜெக்ட்டைத் திரும்ப எழுதினா. இப்ப நான் அவ லேப்டாப்பைத் தொட்டாலே, "அண்ணா, முதல்ல ஹார்ட் டிஸ்க்ல காப்பி எடு"ங்கறா. நீங்களும் இன்னைக்கே எடுத்துடுங்க. அடுத்த எபிசோடுல பார்ப்போம்!