நாய்க்கடிக் காயம்: மேலே சிறு துளை, உள்ளே பெரும் சேதம்

கேமரன் மலையின் லெம்பா பெர்த்தாம் வட்டாரத்தில் காய்கறித் தோட்டங்களுக்கும் தேயிலைத் தோட்டக் குடியிருப்புகளுக்கும் நாய்கள் நல்ல இரவுக் காவல். அவிழ்த்து விடப்படும் நாய்கள் ஒன்றோடொன்று சண்டையிட்டுக் கடிபடுவதும் அவ்வப்போது நடப்பதே. காலையில் பார்த்தால் தோலில் இரண்டு மூன்று சிறு துளைகள்தான் தெரியும். "நக்கியே ஆற்றிக்கொள்ளும்" என்று பலர் விட்டுவிடுகின்றனர். மூன்றாம் நாள் அவ்விடம் வீங்கி, நாற்றமெடுத்து, நாய் சாப்பாட்டைத் தொடாதபோதுதான் கவலை பிறக்கிறது.

துளை சிறியதாக இருப்பது ஏன்?

நாயின் தோல் தளர்வானது. கடிக்கும் நாய் கோரைப்பல்லைப் பதித்துத் தலையை உதறும்போது தோல் பல்லோடு சேர்ந்து நகர்ந்து கொடுக்கிறது. அதனால் தோலில் ஓட்டை மட்டுமே விழுகிறது. அடியிலுள்ள தசையோ அப்படி நகராமல் கிழிகிறது. இரத்தக் குழாய்கள் அறுந்து, தோலுக்கும் தசைக்கும் நடுவே இடைவெளி உண்டாகிறது. வாயிலுள்ள பாஸ்டுரெல்லா போன்ற கிருமிகளும் முடியும் மண்ணும் அங்கே தங்குகின்றன. மேலே துளை மூடிக்கொள்ள, உள்ளே சீழ் கட்டுகிறது.

மருத்துவர் செய்வது என்ன?

கால்நடை மருத்துவர் முதலில் மூச்சையும் நாடியையும் ஈறுகளின் நிறத்தையும் பார்ப்பார். நெஞ்சிலோ வயிற்றிலோ கடி என்றால் எக்ஸ்ரே தேவைப்படலாம். பிறகு மயக்க மருந்து கொடுத்து, முடியை மழித்து, துளையை அகலமாக்கி உள்ளே சோதிப்பார். உப்புநீரால் நன்கு கழுவி, செத்த தசையை வெட்டி அகற்றுவார். செத்த தசைக்கு இரத்த ஓட்டம் இல்லை. எனவே கிருமிக்கொல்லி மருந்து அங்கே சரியாகச் சென்று சேராது. மாத்திரை மட்டும் போதாது என்பதற்குக் காரணம் இதுவே.

அழுக்கான காயத்தை உடனே தைத்து மூடினால் கிருமியை உள்ளே வைத்துப் பூட்டியதாகிவிடும். ஆகவே நீர் வடிய ரப்பர் குழாய் வைப்பதும், சில நாள் திறந்து வைத்துப் பிறகு தைப்பதும் உண்டு. வலி மருந்தும், நாய் நக்காமலிருக்கக் கழுத்துக் கூம்பும் தரப்படும். நக்குவது காயத்தை ஆற்றாது. மேலும் கிருமியையே சேர்க்கும்.

வீட்டில் செய்ய வேண்டியவை

வலியில் சொந்த நாயும் கடிக்கும். மூச்சுத் திணறல் இல்லையென்றால் வாயைத் துணியால் கட்டலாம். இரத்தம் வடிந்தால் சுத்தமான துணியால் அழுத்திப் பிடிக்க வேண்டும். கொதித்து ஆறிய ஒரு லிட்டர் நீரில் ஏறக்குறைய 9 கிராம் உப்பைக் கரைத்துக் காயத்தின் மேற்புறத்தைக் கழுவலாம். நெஞ்சு, வயிற்றுக் காயங்களில் நீர் ஊற்றாமல் சுத்தமான துணியால் மூடுவதே நல்லது. மஞ்சள், காப்பித்தூள், மண்ணெண்ணெய் எதுவும் வேண்டாம். பனடோல் போன்ற மனிதர்களுக்கான மாத்திரைகள் நாயின் ஈரலைக் கெடுக்கலாம். காயத்தைக் கவனிக்காமல் விட்டால் ஈ மொய்த்துப் புழு வைத்துவிடும்.

முதல் ஆறு மணி நேரத்துக்குள் சிகிச்சை கிடைப்பது சிறப்பு. மருத்துவரைத் தேடி மலையை விட்டு இறங்க வேண்டியவர்கள் வீக்கம் வரட்டும் என்று காத்திருக்கக் கூடாது. மலைக்குளிரில் நாயைப் போர்வையால் சுற்றி எடுத்துச் செல்ல வேண்டும். ஈறு வெளுத்தாலோ மூச்சு வாங்கினாலோ ஒரு நிமிடமும் தாமதிக்கலாகாது.

வெறிநோய் அபாயம்

2015-இல் பெர்லிஸ், கெடா, பினாங்கு மாநிலங்களில் வெறிநாய்க்கடி நோய் தலைகாட்டியது. 2017-இல் சரவாக்கில் பரவி மனித உயிர்களையும் பலி கொண்டது. கடித்தது எந்த நாய் என்று தெரியாவிட்டால் அதை மருத்துவரிடம் சொல்ல வேண்டும். கடிபட்ட நாய்க்குத் தடுப்பூசி தேவையா என்பதை அவரே முடிவு செய்வார். சண்டையை விலக்கப் போய்க் கடிபட்டவர்கள் காயத்தைச் சோப்பும் ஓடும் நீரும் கொண்டு 15 நிமிடம் கழுவி, உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும்.

காவல் காக்கும் நாய்க்குக் கடி விழுந்தால் துளையின் அளவைப் பார்த்து முடிவெடுக்க வேண்டாம். சிறு துளையானாலும் அன்றே மருத்துவரிடம் காட்டுவதுதான் பாதுகாப்பு.