நாவு பேசாத பிள்ளையிடமும் சொல் உண்டு



எல்லாப் புகழும் ஏக இறைவனுக்கே. ஸலவாத்தும் ஸலாமும் அண்ணல் நபி (ஸல்) அவர்கள் மீதும், அவர்களின் குடும்பத்தார், தோழர்கள் அனைவர் மீதும் உண்டாவதாக!

நம் மஹல்லாக்களில் பேச்சு வராத பிள்ளைகள் உள்ள வீடுகள் இருக்கின்றன. அங்கே விருந்தினர் வந்தால், அப்பிள்ளை பல நேரம் உள்ளறையிலேயே இருந்துவிடுகிறது. “இவனுக்கு ஒன்றும் தெரியாது” என்று அதன் முன்னாலேயே சொல்லப்படுகிறது. பெற்றோரின் அன்பில் குறையில்லை. பசிக்கும் முன் ஊட்டுகிறார்கள், இரவெல்லாம் விழித்திருக்கிறார்கள். ஆயினும் “உனக்கு என்ன வேண்டும்?” என்று மட்டும் அப்பிள்ளையிடம் எவரும் கேட்பதில்லை. பதில் வராது என்று நாமே முடிவு செய்துவிட்டோம். அந்த முடிவு சரிதானா?

பேச்சு வேறு, அறிவு வேறு

மூளை முடக்குவாதம் என்பது, பிறப்பதற்கு முன்போ, பிறக்கும் வேளையிலோ, பிறந்த சிறு காலத்திலோ, வளரும் மூளைக்கு நேரும் பாதிப்பு. அது தசைகளை இயக்கும் ஆற்றலைக் குலைக்கிறது. கைகால்களைப் போலவே நாக்கு, உதடு, தொண்டை ஆகியவற்றின் தசைகளும் கட்டுப்பாட்டை இழக்கின்றன. மூச்சைச் சீராக விடுவதும் கடினமாகிறது. ஆகவே பேச்சு குழறுகிறது, அல்லது வராமலே போகிறது. இப்பிள்ளைகளில் சிலருக்கு அறிவு வளர்ச்சியிலும் தாமதம் உண்டு. வேறு பலர் நாம் சொல்வது அனைத்தையும் விளங்கிக்கொள்கின்றனர். பேச்சை மட்டும் வைத்து இவ்விரு சாராரையும் பிரித்தறிய இயலாது. ஆட்டிசம் உள்ள பிள்ளைகளில் சிலருக்கும் பேச்சு வருவதில்லை. அவர்களுக்கும் சொல்வதற்கு ஏதுமில்லை என்று பொருளாகாது.

சைகையும் சாட்சியாகும்

ஸஹீஹுல் புகாரியில் ஒரு நிகழ்ச்சி பதிவாகியுள்ளது. மதீனாவில் ஒரு சிறுமியின் வெள்ளி நகைகளுக்காக ஒருவன் அவளது தலையைக் கல்லால் நசுக்கிவிட்டான். குற்றுயிராய்க் கிடந்த அவளால் வாய் திறந்து பேச இயலவில்லை. அண்ணலார் (ஸல்) அவர்கள் ஒவ்வொரு பெயராகச் சொல்லி, “இவனா?” என்று வினவினார்கள். அவள் ‘இல்லை’ என்று தலையசைத்தாள். உரிய பெயர் வந்தபோது ‘ஆம்’ என்று தலையசைத்தாள். அவன் பிடித்து விசாரிக்கப்பட்டான், குற்றத்தையும் ஒப்புக்கொண்டான்.

சிந்தியுங்கள்! பேச முடியாதவளிடம் கேட்டு என்ன பயன் என்று அவளை விட்டு நகர்ந்துவிடவில்லை. அவளால் இயன்றது தலையசைப்பு ஒன்றே. ஆகவே தலையசைப்பில் பதில் சொல்லத்தக்கவாறு கேள்வி அமைக்கப்பட்டது. ஊமையரின் தெளிவான சைகை வாய்மொழியின் இடத்தில் வைக்கப்படும் என்ற விதியை ஃபிக்ஹு அறிஞர்களும் வகுத்துள்ளனர்.

நம் நாட்டில் 2012இல் இயற்றப்பட்ட போக்சோ சட்டமும் இத்தகைய வழியைத் தருகிறது. பாதிக்கப்பட்ட பிள்ளை மாற்றுத்திறனாளியாயின், வாக்குமூலம் பெறும்போது சிறப்பு ஆசிரியரின் அல்லது அப்பிள்ளையின் தொடர்பு முறையை அறிந்தவரின் உதவியை நாடலாம். ஆனால் வீட்டில் ‘ஆம்’, ‘இல்லை’ என்றுகூடச் சொல்லப் பழக்காத பிள்ளை, தனக்குத் தீங்கு செய்தவன் யாரென்று எப்படிச் சொல்லும்? வயிற்றில் வலியா, காதில் வலியா என்று மருத்துவரிடம் எப்படிக் காட்டும்?

சென்னையிலிருந்து ஒரு குரல்

நாவுக்கு மாற்று வழி தருவது இன்று தனியொரு துறையாகவே வளர்ந்துள்ளது. சைகைகள், படங்கள், எழுத்துப் பலகைகள், பேசும் கருவிகள் யாவும் இதில் அடங்கும். சென்னையில் 1985இல் தொடங்கப்பட்ட வித்யா சாகர் நிறுவனம் மூளை முடக்குவாதமுள்ள பிள்ளைகளுக்கு இவ்வழியைக் கற்பித்து வருகிறது. சென்னையைச் சேர்ந்த பொறியாளர் அஜித் நாராயணன் ‘ஆவாஸ்’ என்ற சாதனத்தை உருவாக்கினார். ஆவாஸ் என்றால் உருதுவில் ‘குரல்’ என்று பொருள். பிள்ளை படங்களைத் தொட்டுத் தேர்ந்தெடுத்தால், அதைக் கருவி வாக்கியமாகப் பேசும். பின்னர் இது கையடக்கக் கணினியில் இயங்கும் செயலியாகவும் வந்தது.

பொருள் வசதி இல்லையே என்று கலங்க வேண்டாம். ஓர் அட்டையும் சில படங்களும் இருந்தால் தொடங்கிவிடலாம்.

ஓர் அச்சம்

“படத்தைக் காட்டப் பழகிவிட்டால், வரவேண்டிய பேச்சும் வராமல் போய்விடுமே” என்று தாய்மார்கள் அஞ்சுகின்றனர். 2006இல் வெளியான ஓர் ஆய்வுத் தொகுப்பு இதை ஆராய்ந்தது. நம்பத்தக்க சான்றுகள் கிடைத்த 27 பேரில் இம்முறையால் பேச்சுக் குறைந்தவர் ஒருவரும் இல்லை. நூற்றுக்கு 89 பேர் என்ற அளவில், பேச்சு சிறிதளவேனும் கூடியிருந்தது. ஆகவே, பேச்சு வரட்டும் என்று ஆண்டுகளைக் கழிக்காதீர்கள். பேச்சுப் பயிற்சியும் நடக்கட்டும். மாற்று வழியும் இன்றே தொடங்கட்டும்.

வீட்டில் செய்ய வேண்டியவை

முதலாவதாக, ‘ஆம்’, ‘இல்லை’ என்பவற்றுக்கு உறுதியான அடையாளம் தேடுங்கள். தலையசைப்போ, கண் சிமிட்டலோ, கை உயர்த்தலோ, பிள்ளைக்கு எது இயலுமோ அதுவே போதும். வீட்டிலுள்ள அனைவரும் அதை அறிந்திருக்க வேண்டும்.

இரண்டாவதாக, தேர்வு செய்ய வாய்ப்பளியுங்கள். இரண்டு சட்டைகளைக் காட்டி, எது வேண்டும் என்று கேளுங்கள். பிள்ளையின் பார்வை எதில் நிலைக்கிறது என்று கவனியுங்கள். கேட்ட பின் பொறுத்திருங்கள். உடல் ஒத்துழைக்காத பிள்ளைக்குப் பதில் சொல்ல நேரம் தேவைப்படும்.

மூன்றாவதாக, படப் பலகை ஒன்று செய்யுங்கள். அம்மா, அத்தா, தண்ணீர், கழிப்பறை என்பவற்றோடு ‘வேண்டாம்’, ‘போதும்’, ‘வலிக்கிறது’, ‘பயமாயிருக்கிறது’ ஆகியவையும், உடல் உறுப்புகளும் அதில் இடம்பெறட்டும். நீங்கள் பேசும்போதே அப்படங்களைத் தொட்டுக் காட்டிப் பேசுங்கள். மற்றப் பிள்ளைகள் நம் பேச்சைக் கேட்டே பேசக் கற்கின்றனர். இப்பிள்ளையும் நாம் காட்டுவதைக் கண்டே கற்கும்.

மஹல்லாவின் பொறுப்பு

பார்வையற்ற நபித்தோழர் அப்துல்லாஹ் இப்னு உம்மி மக்தூம் (ரலி) அவர்கள் மதீனாவில் ஃபஜ்ருக்கு பாங்கு சொல்பவராக இருந்தார்கள். வைகறையைக் கண்ணால் காண இயலாத அவர்களிடம், பொழுது புலர்ந்துவிட்டது என்று மக்கள் சொல்வார்கள். உடனே அவர்கள் பாங்கு சொல்வார்கள். கண் தெரியவில்லை என்பதற்காக அப்பொறுப்பு அவர்களுக்கு மறுக்கப்படவில்லை. குறைந்த ஒன்றைச் சுற்றியிருந்தோர் நிறைவு செய்தார்கள்.

பிள்ளையார்பாளையத்துத் தறிகளைக் கண்டு வளர்ந்தவர்கள் இதை எளிதில் விளங்கிக்கொள்வார்கள். உடலும் கரையும் வெவ்வேறு நிறமான கோர்வைப் பட்டுச் சேலையை மரபு முறையில் ஒருவர் மட்டும் நெய்ய முடிவதில்லை. மறு ஓரத்தில் கரைக்குரிய நாடாவைத் தள்ள இன்னொருவர் வேண்டும். அவர் வராததால் தறி நின்றுவிட்டால், நெசவாளிக்குத் தொழில் தெரியாது என்று எவரும் சொல்வதில்லை. உரையாடலும் அத்தகையதே. மறு ஓரத்தில் அமர வேண்டியவர்கள் நாம்.

ஆகவே மக்தபில் இப்பிள்ளைகளுக்கும் இடம் கொடுங்கள். ஸலாம் சொல்லும்போது, தாயிடம் மட்டும் சொல்லாமல் பிள்ளையின் முகம் நோக்கியும் சொல்லுங்கள். அதன் பலகையைப் படிக்க உங்கள் பிள்ளைகளுக்கும் கற்றுக்கொடுங்கள். பெருநாளன்று அதையும் அழைத்து வாருங்கள்.

சட்டமும் துணை நிற்கிறது. 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டப்படி, 40 விழுக்காட்டிற்குக் குறையாத பாதிப்புள்ள 6 முதல் 18 வயது வரையிலான பிள்ளைகளுக்கு, அருகிலுள்ள பள்ளியிலோ விரும்பும் சிறப்புப் பள்ளியிலோ இலவசக் கல்வி உரிமையாகும். கல்வியில் மாற்றுத் தொடர்பு முறைகளை ஊக்குவிப்பதையும் அச்சட்டம் கடமையாக்கியுள்ளது. 2019 வரை நம் காஞ்சிபுரம் மாவட்டத்தில் இருந்து, இப்போது செங்கல்பட்டு மாவட்டத்தில் அமைந்துள்ள முட்டுக்காட்டில், பல்வகை மாற்றுத்திறனாளிகளுக்கான தேசிய நிறுவனம் 2005 முதல் இயங்கி வருகிறது. பரிசோதனைக்கும் பயிற்சிக்கும் அங்கே செல்லலாம். வாகனச் செலவுக்கு வழியில்லாத குடும்பத்திற்கு ஜமாஅத் முன்வந்து உதவட்டும்.

சகோதரர்களே! இன்று ஜும்ஆ முடிந்து வீடு திரும்பியதும், அப்பிள்ளையின் அருகில் அமருங்கள். இரண்டு பழங்களைக் காட்டி, எது வேண்டும் என்று கேளுங்கள். பிறகு காத்திருங்கள்.

பேசாத பிள்ளைகளின் உள்ளத்தை அறிந்து நடக்கும் நற்பேற்றை வல்ல ரஹ்மான் நம் அனைவருக்கும் வழங்குவானாக! ஆமீன்.