வண்ணம் தேர்தல்

பாலும் வெண்மை, சுண்ணாம்பும் வெண்மை, முல்லை மலரும் வெண்மை. மூன்றையும் அருகருகே வைத்து நோக்கினால் ஒவ்வொன்றின் வெண்மையும் வெவ்வேறாகத் தோன்றும். ஆதலின், நிறத்தைப் பெயரால் மட்டும் சொல்லி வாங்குவோர் ஏமாற்றம் அடைதல் இயல்பே. சிறுகச் சிறுகச் சேர்த்த பொருளால் வீடு கட்டிய ஒருவர், சுவருக்குப் பெயின்ட் வாங்கும்பொழுது இதனை மறந்தால் இழப்பு நேரும். ஒருவருக்கெனத் தனியே கலந்த பெயின்ட்டைக் கடைக்காரர் பெரும்பாலும் திரும்பப் பெறுவதில்லை.

முற்காலத்தில் வேலையாட்கள் வெள்ளைப் பூச்சில் சாயத்தைச் சிறிது சிறிதாக ஊற்றி, கோலால் கலக்கி, கண்மதிப்பால் நிறம் கண்டனர். இன்று பல கடைகளில் அப்பணியை இயந்திரம் செய்கின்றது. முதற்கண் 'பேஸ்' எனப்படும் மூலப் பூச்சு அமைகின்றது. வெளிர்நிறங்களுக்கு வெண்பொருள் மிகுந்த பேஸும், அடர்நிறங்களுக்கு அது குறைந்த பேஸும் பயன்படும். அட்டையில் உள்ள ஒவ்வொரு நிறத்திற்கும் ஓர் எண் உண்டு. அவ்வெண்ணைக் கணிப்பொறியில் பதித்தவுடன், உரிய சாயங்கள் உரிய அளவில் டப்பாவினுள் விழுகின்றன. பின்னர் மூடியிட்டுக் குலுக்கும் பொறியில் வைத்து நன்கு கலக்குவர். பேஸ் மாறினால் எண் ஒன்றாயினும் நிறம் மாறிவிடும்.

இயந்திரம் இத்துணை நுட்பமாக அளந்தும் நிறம் பிழைபட்டதாகத் தோன்றுவது ஏன்? முதற்காரணம் ஒளி. பட்டுப்புடவை வாங்கும் பெண்டிர் அதனைக் கடைவாயிலுக்கு எடுத்து வந்து பகலொளியில் விரித்துப் பார்ப்பர். அச்செயலில் அறிவியல் உண்மை அடங்கியுள்ளது. வெவ்வேறு சாயங்களால் ஆகிய இரண்டு பூச்சுகள், விளக்கொளியில் ஒன்றுபோல் தோன்றிப் பகலொளியில் வேறுபடுதல் கூடும். ஆகவே, கடையின் விளக்கொளியில் மட்டும் பார்த்து முடிவு செய்தல் தகாது.

மற்றொரு காரணம், அண்மையிலுள்ள நிறங்கள். பாரிசு நகரில் கோபெலின் என்னும் புகழ்பெற்ற நெசவுக்கூடம் உண்டு. அங்குச் சாயப்பகுதியின் தலைவராக 1824ஆம் ஆண்டில் செவ்ரூல் என்னும் வேதியியல் அறிஞர் அமர்த்தப்பெற்றார். கருப்புச் சாயம் வலிமையற்றிருக்கின்றது என்று அவரிடம் குறை கூறப்பட்டது. அவர் ஆராய்ந்தார், சாயத்தில் குறையில்லை. நீலமும் ஊதாவும் அருகில் இருந்தமையாலேயே கருப்பு மங்கித் தோன்றிற்று. இவ்வாராய்ச்சியை அவர் 1839இல் நூலாக வெளியிட்டார். சுவர் நிறமும் இத்தகையதே. தரை, கதவு, திரைச்சீலை ஆகியவற்றின் நிறங்கள் அதன் தோற்றத்தை மாற்றும். மேலும், நான்கு சுவர்களும் ஒளியை ஒன்றன்மேல் ஒன்று வீசுவதால், சிற்றட்டையில் மென்மையாக இருந்த மஞ்சள், அறையில் அழுத்தமாகத் தோன்றும்.

இவற்றை அறிந்தோர் முதலில் சிறு டப்பா ஒன்றே வாங்குவர். பெரியதோர் அட்டையில் இருமுறை பூசி, நன்கு உலரவிடுவர். எமல்ஷன் பூச்சு ஈரமாக இருக்கும்பொழுது வெளிறியும் உலர்ந்தபின் சற்று அடர்ந்தும் தோன்றும். ஆகவே ஈரத்தில் மதிப்பிடுதல் கூடாது. அவ்வட்டையை ஒவ்வொரு சுவரிலும் சார்த்திவைத்து, காலையிலும் மாலையிலும் இரவு விளக்கொளியிலும் நோக்குவர். பளபளப்புள்ள பூச்சும் பளபளப்பற்ற பூச்சும் ஒரே எண்ணுடையவையாயினும் ஒன்றுபோல் தோன்றா என்பதையும் கருத்திற் கொள்வர்.

நிறம் உறுதியானபின், வேண்டிய பெயின்ட் முழுவதையும் ஒரேமுறையில் வாங்குதல் நன்று. பாதிச் சுவரில் டப்பா தீர்ந்து, மறுநாள் வாங்கிய பூச்சு சிறிதளவு வேறுபட்டால், அக்கோடு என்றும் கண்ணை உறுத்தும். பல டப்பாக்கள் இருப்பின், அவற்றைப் பெரிய பாத்திரமொன்றில் ஊற்றிக் கலந்து பயன்படுத்தினால் இவ்வேறுபாடு மறையும். நிறத்தின் எண், பேஸின் பெயர், வாங்கிய நாள் ஆகியவற்றைக் குறித்து வைத்தல் பிற்காலப் பழுதுபார்ப்புக்கு உதவும்.

துளியளவும் பிசகாது அளப்பது இயந்திரத்தின் திறன். எந்நிறம் தம் இல்லத்திற்கு ஏற்றது என்று பொறுமையுடன் பார்த்துத் தெளிவது, அவ்வில்லத்தில் வாழ்வோரின் கடமையாகும்.