லயன் சுவரும் ஒட்டுத்தாளும்

மனைக்கு உறுதி தருவது சுவர். அச்சுவருக்கு அழகு தருவது அதில் வாழ்வோர் கை. அரசியின் அரண்மனைச் சுவரிற் பூங்கொடி எழுதப்பெற்றிருந்ததை நெடுநல்வாடை கூறும். அரண்மனைக்கு ஓவியன் வாய்த்தான்; எளியோர் இல்லத்துக்குத் தாளே வாய்த்தது.

இங்கிலாந்திற் கிடைத்த மிகப் பழைய சுவர்த்தாள்களுள் ஒன்று, 1911ஆம் ஆண்டிற் கேம்பிரிட்ஜ் கிறைஸ்ட் கல்லூரியின் விட்டங்களில் வெளிப்பட்டது. அதன் ஒருபுறம் அலங்கார வேலைப்பாடு; மறுபுறம் எட்டாம் ஹென்றி 1509இல் முடிசூடிய காலத்து அரச அறிவித்தல். கழிக்கப்பட்ட அச்சுத்தாளே அலங்காரமாயிற்று. நாளடைவிற் சுவர்த்தாள் செல்வர் விரும்பும் பொருளாக, 1712இல் அரசு அதற்கு வரி விதித்தது. 1836 வரை அவ்வரி நீடித்தது. இயந்திரம் அதனை நீண்ட சுருளாக அச்சிடத் தொடங்கியபின் விலை வீழ்ந்தது. தொழிலாளர் இல்லங்களுக்கும் அது சென்றது.

ஆயின், வெப்ப நாடுகளில் ஈரத்தாற் பசை விட்டுப்போம். கறையான் தாளை அரிக்கும். ஆதலின் இந்நாடுகளிற் குடியேறிய ஐரோப்பியர் தம் இல்லச் சுவர்களுக்குப் பெரும்பாலும் வெள்ளையே பூசினர். ஊவா மலைகளிற் சுவர்த்தாள் பெரிதும் நிலைத்த இடம் துரை பங்களாவன்று, தொழிலாளர் லயனே.

பதுளை, பசறை, பண்டாரவளை, அப்புத்தளைத் தோட்டங்களில் ஒரு குடும்பத்துக்கு ஒரு காம்பராவும் ஓர் இஸ்தோப்புமே உரியனவாயிருந்தன. அடுப்புப் புகை சுவரைக் கரியாக்கும். பண்டிகை நெருங்குங்கால் கோதுமை மாவைக் காய்ச்சிப் பசையாக்கி, பழைய செய்தித்தாள்களை ஒட்டுவர். 1930இல் வீரகேசரியும் 1932இல் தினகரனும் தோன்றியபின் தமிழ்த்தாளும் கிடைத்தது. கரி மறைந்தது, வெளிச்சம் கூடியது, இடுக்குகளிற் புகும் குளிர்காற்றும் தடைப்பட்டது. சுவரைப் பார்த்து எழுத்துக் கூட்டிப் படித்த சிறாரும் உளர். பழையதை உரியாது அதன்மேலேயே புதியது ஒட்டப்படுவதாற் சுவர் ஆண்டுக்கணக்காகத் தடித்தது.

இங்கே சிந்திக்கத்தக்கது ஒன்றுண்டு. 1948ஆம் ஆண்டுச் சட்டம் இம்மக்களுட் பெரும்பாலோரைக் குடியுரிமையற்றவராக்கியது. 1949ஆம் ஆண்டுச் சட்டமோ, 1946க்கு முன்னர் மணமானோர் 7 ஆண்டும் ஏனையோர் 10 ஆண்டும் இந்நாட்டில் இடையறாது வாழ்ந்தமைக்குச் சான்று கேட்டது. சான்றில்லாது அலைந்தோர் பலர். அவர்தம் சுவரிலோ திகதியிட்ட தாள்கள் அடுக்கடுக்காக இருந்தன. சட்டத்தின்முன் அவை சான்றாகா. எனினும், தமக்குரிமையில்லாத சுவரையும் தம் மனையென்று கொண்டு பேணியவர் வாழ்வுக்கு அவற்றினும் மேலான சான்று யாது?

2003ஆம் ஆண்டுச் சட்டம் எஞ்சியோர்க்கும் குடியுரிமை நல்கிற்று. 2014 ஒக்டோபர் 29இற் கொஸ்லந்தை மீரியபெத்தையில் மண்சரிந்து லயன்கள் புதையுண்ட துயரம், அவ்வரிசை வீடுகள் நீங்கித் தனி வீடுகள் எழவேண்டியதன் அவசரத்தை உணர்த்திற்று. லயன்கள் நீங்குவது நன்றே. ஆனால், அவற்றோடு சுவர்த்தாளும் மண்ணாதல் வேண்டுமா? கேம்பிரிட்ஜ் விட்டத்திற் கிடைத்த கழிவுத்தாளை இன்று வரலாறெனப் போற்றுகின்றனர். பழைய மாணவராகிய நம்முட் பலர் லயனிற் பிறந்தவர். தம் பெற்றோர் வாழ்ந்த காம்பரா இடிபடுமுன் ஒரு சாண் தாளையேனும் அடுக்குக் குலையாது பெயர்த்தெடுத்து, தோட்டப் பெயரும் குடும்பப் பெயரும் குறித்துக் கல்லூரி நூல்நிலையத்தில் வைப்பாராக. வருங்கால மாணவர் தம் முன்னோர் வரலாற்றை அதிற் படிப்பர்.