திரைக்குப் பின்னே திருட்டு – 9: காற்றுக் குழாயில் கலந்த நஞ்சு

தூத்துக்குடி திரேஸ்புரத்திலிருந்து சங்கு குளிக்கப் போகிறவர்கள் இப்போதெல்லாம் கம்ப்ரசர் காற்றை நம்பித்தான் கடலில் இறங்குகிறார்கள். படகில் எஞ்சின் ஓடும். ரப்பர் குழாய் வழியே காற்று கீழே போகும். அடியில் இருப்பவர் அதைச் சுவாசித்தபடியே சங்கு பொறுக்குவார். வரும் காற்றில் எஞ்சின் புகை கலந்திருந்தால் அவரால் சோதித்துப் பார்க்கவும் முடியாது, வேண்டாமென்று தள்ளவும் முடியாது. கம்ப்யூட்டருக்கு அப்படியொரு காற்றுக் குழாய்தான் அப்டேட்.

போலி வைரஸ் எச்சரிக்கையைப் பற்றிச் சென்ற வாரம் பார்த்தோம். அதில் ஏமாறுகிறவர் ஏதோ ஒரு பட்டனையாவது அழுத்துகிறார். இந்த வாரம் மாட்டிக்கொள்கிறவர் எந்தத் தப்பும் செய்யாதவர். அசல் மென்பொருளைப் போட்டு, ஒழுங்காக அப்டேட் செய்தவர்.

கம்ப்யூட்டரில் சேரும் குப்பையைக் கூட்டித் தள்ள உலகமெங்கும் பயன்படுத்தும் மென்பொருள் சிசிகிளீனர். 2017 ஆகஸ்ட் 15 அன்று வெளியான அதன் 5.33 பதிப்பில், தயாரிக்கும் இடத்திலேயே புகுந்து நாசநிரலைச் சேர்த்துவிட்டார்கள். நிறுவனத்தின் டிஜிட்டல் கையெழுத்தோடே அது வெளியே வந்தது. சுமார் 22.7 லட்சம் கம்ப்யூட்டர்களில் ஏறியது. ஆனால் திருடர்கள் குறிவைத்தது பெரிய தொழில்நுட்ப நிறுவனங்களை. அடுத்த கட்ட நிரலை அவர்கள் அனுப்பியது 40 கம்ப்யூட்டர்களுக்குத்தான். மற்றவர்கள் அந்த வலையில் சேர்ந்து வந்த மீன்கள். காற்று கம்ப்ரசரிலேயே கெட்டுப்போன கதை இது.

குழாயை நடுவழியில் மாற்றிய கதை நம் நாட்டில் நடந்தது. மும்பையின் மைக்ரோவேர்ல்டு நிறுவனம் தயாரிக்கும் ஆன்டிவைரஸ் இஸ்கேன். அதன் அப்டேட் கோப்புகள் பூட்டில்லாத எச்டிடிபி வழியே போய்க்கொண்டிருந்தன. வழியில் மறித்தவர்கள் அசல் கோப்பை எடுத்துவிட்டு, தங்கள் கோப்பை வைத்தார்கள். இஸ்கேன் அதைத் தன்னுடையது என்றே நம்பி, பிரித்து, தானே இயக்கியது. ஆன்டிவைரஸுக்குக் கம்ப்யூட்டரில் எல்லாக் கதவும் திறக்கும் அதிகாரம் உண்டு. உள்ளே வந்தவனுக்கும் அதே அதிகாரம் கிடைத்துவிட்டது.

இந்த நாசநிரலுக்கு குப்டிமைனர் என்று பெயரிட்டு, 2024 ஏப்ரலில் அவாஸ்ட் என்ற ஆன்டிவைரஸ் நிறுவனத்தின் ஆய்வாளர்கள் விரிவாக அறிக்கை வெளியிட்டார்கள். 2017-ல் சிசிகிளீனரை வாங்கியதும் இதே அவாஸ்ட்தான். நிரலின் ஒரு பகுதியைச் சாதாரணப் படக் கோப்பு ஒன்றுக்குள் ஒளித்திருந்தார்கள். பெரிய நிறுவனங்களின் நெட்வொர்க்கில் நுழையக் கள்ளக்கதவுகள் வைத்தார்கள். கூடவே, மொனேரோ என்ற கிரிப்டோ காசைத் தோண்டும் நிரலையும் ஏற்றினார்கள். மெஷின் இழுக்கும், ஃபேன் சத்தம் போடும், கரண்ட் பில் கூடும். காசு வேறெவனுக்கோ சேரும். கம்ப்யூட்டர் பழசாகிவிட்டது என்று நினைக்கும் உரிமையாளர், வேகத்தைக் கூட்ட இன்னொரு 'கிளீனர்' தேடுவார்.

அவாஸ்ட் தகவல் சொன்ன பிறகு, 2023 ஜூலை 31 அன்று ஓட்டையை அடைத்துவிட்டதாக இஸ்கேன் தெரிவித்தது. வங்கித் தளங்கள் எத்தனையோ ஆண்டுகளுக்கு முன்பே பூட்டுள்ள எச்டிடிபிஎஸ்ஸுக்கு மாறிவிட்டன. காவல் காப்பதையே தொழிலாக வைத்திருக்கும் நிறுவனம் தன் அப்டேட்டைப் பூட்டாமல் அனுப்பியதற்குச் சமாதானமே கிடையாது.

இதைப் படித்துவிட்டு யாரும் அப்டேட்டை நிறுத்திவிட வேண்டாம். அதை நிறுத்தினால் வரும் ஆபத்து இன்னும் பெரிது. பிரவுசிங் சென்டர் நடத்துகிறவர்களுக்குத்தான் முக்கியமாகச் சொல்கிறேன். ஆதார், பேங்க் பாஸ்புக், மீனவர் நலவாரிய அட்டை என்று ஊரார் நம்பிக் கொடுத்ததையெல்லாம் ஸ்கேன் செய்கிறீர்கள். வேலை முடிந்த கையோடு அவற்றை அழித்துவிடுங்கள். குப்பை அள்ளும் வசதி விண்டோஸிலேயே இருக்கிறது, தனி 'கிளீனர்' தேவையில்லை. மெஷின் காரணமில்லாமல் இழுத்தால், மத்திய அரசின் சைபர் ஸ்வச்சதா கேந்திரா தளத்தில் கிடைக்கும் இலவசக் கருவியால் சோதியுங்கள். பணம் போயிருந்தால் தாமதிக்காமல் சைபர் குற்ற உதவி எண் 1930-க்கு போன் செய்யுங்கள்.

(தொடரும்)