பனிக்காலத்தில் பழைய கார் ஏன் அடம்பிடிக்கிறது?

மார்கழி, தை மாத விடியற்காலைகளில் யாழ்ப்பாணத்துப் பழைய கார்கள் ஸ்ராட் வராமல் அடம்பிடிப்பது புதிதல்ல. மொறிஸ் மைனரோ ஏ-40 காரோ வைத்திருப்பவர்கள் உடனே பற்றரியைத்தான் குறை சொல்கிறார்கள். புதுப் பற்றரி பூட்டிய பிறகும் அசையாமல் நின்ற கார்களை நான் பார்த்திருக்கிறேன். இன்றைய விலைவாசியில் அது சின்னச் செலவல்ல.

காரணம் விளங்க, 1990 இற்குப் பிறகு எரிபொருள் தடைக்குள் நாங்கள் கார் ஓடிய காலத்தை நினைத்தால் போதும். பெற்றோல் இல்லை, மண்ணெண்ணெயில் ஓடினோம். ஆனால் குளிர்ந்த எஞ்சின் மண்ணெண்ணெயில் ஸ்ராட் வராது. எஞ்சினுக்குள் எரிவது திரவம் அல்ல, காற்றோடு கலந்த ஆவி. பெற்றோல் குளிரிலும் ஓரளவு ஆவியாகும், மண்ணெண்ணெய்க்குச் சூடு வேண்டும். அதனால்தான் காபரேற்றருக்குள் சில துளி பெற்றோல் விட்டு இயக்கி, எஞ்சின் சூடேறியதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றினோம். பிள்ளைப்பேற்று வலியோடு ஒருத்தியை இரவில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோவதும் அந்தச் சில துளிகளில்தான் தங்கியிருந்தது.

சோக் செய்வதும் அதே வேலைதான். குளிரில் ஆவியாகும் பங்கு குறைவதால், கூடுதலாகப் பெற்றோலை விட்டு ஈடுசெய்கிறது. மொறிஸின் எஸ்.யூ. காபரேற்றரில் சோக்கை இழுத்தால் ஜெற் கீழிறங்க வேண்டும். பொனற்றைத் திறந்து வைத்து, ஒருவரை இழுக்கச் சொல்லிப் பாருங்கள். கேபிள் இறுகிப்போய் ஜெற் அசையாமல் நிற்பது சாதாரணம். கொஞ்சம் எண்ணெய் விட்டாலே சரிவரும்.

நான் முதலில் கவனிப்பது சத்தத்தை. ஸ்ராட்டர் முனகி மெதுவாகச் சுற்றி, லைற்றும் மங்கினால் பற்றரிப் பக்கம் போகலாம். அப்போதும் முதலில் முனைகளைக் கழற்றி, பூத்திருக்கும் வெள்ளையைச் சுடுதண்ணீரும் அப்பச்சோடாவும் கொண்டு கழுவுங்கள். முழுதாகச் சார்ஜ் ஏறிய பற்றரி ஓய்வில் 12.6 வோல்ற் காட்டும். 12.2 என்றால் பாதிதான் இருக்கிறது.

எஞ்சின் விறுவிறுவென்று சுற்றியும் பற்றவில்லையா? எங்கள் ஊர்க் குளிர் நுவரெலியாக் குளிர் அல்ல, அது பற்றரியை முடக்காது. இங்கே எதிரி பனி ஈரம். டிஸ்ரிபியூற்றர் மூடிக்குள் ஈரம் படிந்தால் மின்பொறி பிளக்குக்குப் போகாமல் வழியிலேயே கசிந்துவிடும். மூடியை உள்ளும் புறமும் உலர்ந்த துணியால் துடையுங்கள். மயிரிழை வெடிப்பு இருந்தால் மூடியை மாற்றத்தான் வேண்டும். பொயின்ற் இடைவெளி ஓர் அங்குலத்தின் ஆயிரத்தில் 15 பங்கு, பிளக் இடைவெளி 25 பங்கு.

பிறகு பெற்றோல். திறப்பைத் திருப்பியதும் மொறிஸின் பம்ப் ‘டிக் டிக்’ என்று அடித்து நிற்க வேண்டும். சத்தமே இல்லையென்றால் பம்பைப் பாருங்கள். அடித்துக்கொண்டே இருந்தால் தாங்கி வெறுமை, அல்லது எங்கோ ஒழுக்கு. பெற்றோல் மணம் தூக்கலாக வந்தால் எஞ்சின் மூழ்கிவிட்டது. சோக்கை உள்ளே தள்ளி, அக்சிலேற்றரை முழுதாக மிதித்தபடி சுற்றுங்கள்.

அயல்வீட்டு வாகனத்திலிருந்து வயர் கொடுப்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். பழைய மொறிஸ்களில் பெரும்பாலும் பொசிற்றிவ் முனைதான் பொடியோடு இணைந்திருக்கும். இன்றைய வாகனங்களில் நெகற்றிவ். இரண்டு வாகனங்களும் ஒன்றையொன்று தொடாமல் நிறுத்தி, பற்றரிக்குப் பற்றரி குறியைப் பார்த்தே வயரைப் பூட்டுங்கள்.